லில்லி ஷு-ஷு: படம் பார்த்தவர்களும் பார்க்கப் போகிறவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஷுன்ஜி இவாய் எழுதி இயக்கிய இந்தப் படம் 2001 அக்டோபர் 6 அன்று ஜப்பானில் வெளியானது. ஜப்பானியத் தலைப்பு 'ரிரீ ஷுஷு நோ சுபேதே'. 'லில்லி ஷு-ஷுவைப் பற்றிய எல்லாம்' என்று பொருள். நீளம் 146 நிமிடம். 2002 பெர்லின் திரைப்பட விழாவில் பனோரமா பிரிவில் திரையிடப்பட்டது. இருபது வருடம் தாண்டியும் புதிதாகப் பார்ப்பவர்கள் ஒரே மாதிரியான சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். முடிவைப் பற்றிய கேள்விகளைக் கடைசியில் வைத்திருக்கிறோம். அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறோம். படம் பார்க்காதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

கதை சுருக்கமாக என்ன?

யூயிச்சி ஹாசுமி என்ற பையன், வயது 13-14. டோக்கியோவுக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே இருக்கும் ஊர். பள்ளியில் சக மாணவர்களிடம் அடிபடுகிறான், அவர்கள் ஏவிய வேலையைச் செய்கிறான், திருடச் சொன்னால் திருடுகிறான். அவனை ஆட்டிவைக்கும் கூட்டத்தின் தலைவன் ஷூசுகே ஹோஷினோ. ஒரு வருடம் முன்புவரை இருவரும் நெருங்கிய நண்பர்கள். யூயிச்சிக்கு ஒரே ஆறுதல் லில்லி ஷு-ஷு என்ற பாடகியின் பாட்டு. அவளுடைய ரசிகர்களுக்காக இணையத்தில் ஒரு உரையாடல் பலகை நடத்துகிறான். அங்கே அவன் யாரென்று எவருக்கும் தெரியாது.

முதல் அரை மணி நேரம் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கே தவறவிட்டோம்?

எங்கேயும் தவறவிடவில்லை. படம் நடுவிலிருந்து தொடங்குகிறது. பெரும்பாலோர் இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் முதல் தடவை பாதியில் எழுந்துவிடுகிறார்கள். கால வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆரம்பத்தில் வரும் பகுதி 2000ஆம் ஆண்டு. யூயிச்சி நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. குறுந்தகட்டுக் கடையில் லில்லியின் புது ஆல்பத்தைத் திருடும்போது பிடிபடுவதும், அதற்காகக் கூட்டத்தினர் அவனை அவமானப்படுத்துவதும் இங்கேதான். பிறகு படம் ஒரு வருடம் பின்னே போகிறது: 1999 ஏப்ரல், பள்ளியில் சேர்கிற நாள். முதல் மதிப்பெண் மாணவனாக மேடையேறிப் பேசும் ஹோஷினோ, கெண்டோ வாள்பயிற்சிக் குழுவில் இருவருக்கும் ஏற்படும் நட்பு, கோடை விடுமுறையில் ஒகினாவா தீவுப் பயணம், செப்டம்பரில் பள்ளி திறந்ததும் ஹோஷினோவிடம் தெரியும் மாற்றம். அதன்பின் மறுபடி 2000க்குத் திரும்பி, டிசம்பர் 8 வரை நேராகப் போகிறது. கடைசியில் ஒரு சிறு பகுதி அதற்குப் பிறகானது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் சீருடை. எல்லாப் பையன்களும் ஒரே கறுப்பு உடை, ஒரே மாதிரி முடி, கேமராவும் தூரத்தில். முகத்தை வைத்து அடையாளம் காண முயன்று களைத்துப்போகாதீர்கள். ஹோஷினோவைக் குரலை வைத்தும், யூயிச்சியைக் குனிந்த தலையை வைத்தும் பிடித்துக்கொள்ளலாம். ஹோஷினோவாக நடித்த ஷூகோ ஓஷினாரி 1981இல் பிறந்தவர், யூயிச்சியாக நடித்த ஹயாதோ இச்சிஹாரா 1987இல். அந்த ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி முகத்தில் தெரியத்தான் செய்கிறது. படத்துக்கு அது சாதகமாகவே அமைந்துவிட்டது: ஒருவன் சிறுவனாகவே நிற்க, மற்றவன் மட்டும் வேகமாக வளர்ந்துவிட்டது போல.

திரையில் ஓடும் எழுத்துகளையெல்லாம் படிக்க வேண்டுமா?

வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. விசைப்பலகைச் சத்தத்தோடு வந்து போகும் அந்த வரிகள் ரசிகர்கள் பலகையில் எழுதும் பதிவுகள். ஒவ்வொன்றையும் எழுதியவரின் புனைபெயர் கூடவே வரும். முதல் தடவை இரண்டு பெயரை மட்டும் பின்தொடருங்கள்: 'ஃபிலியா', 'நீலப் பூனை'. ஃபிலியாதான் யூயிச்சி என்பதைப் படம் மறைப்பதில்லை. நீலப் பூனை யாரென்பது கடைசிவரை தொக்கி நிற்கிறது.

சப்டைட்டில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில பிரதிகளில் பலகை வரிகளும் கதாபாத்திரங்கள் பேசும் வசனமும் ஒரே எழுத்துருவில், ஒரே இடத்தில் வந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இன்னும் மோசம், புனைபெயரை விட்டுவிட்டுப் பதிவை மட்டும் மொழிபெயர்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட பிரதி கிடைத்தால் பார்க்காதீர்கள், வேறு தேடுங்கள். யார் எழுதியது என்று தெரியாமல் போனால் கதையில் பாதி போய்விடும்.

இந்த வடிவம் ஏதோ அலங்காரத்துக்காக வந்ததல்ல. இவாய் முதலில் இதை 2000இல் இணையத்தில் ஒரு நாவலாகத் தொடங்கினார். கற்பனைப் பாத்திரங்கள் எழுதும் பலகை அது. வாசகர்களும் உள்ளே வந்து பதிவு போடலாம். எது கற்பனைப் பாத்திரம், எது நிஜ வாசகர் என்று பிரிக்க முடியாத அந்த நிலையிலிருந்துதான் படம் உருவானது.

லில்லி ஷு-ஷு உண்மையிலேயே இருந்த பாடகியா?

இல்லை. ஆனால் அவளுடைய பாட்டுகள் உண்மை. ஹாங்காங்கில் பாடகி ஃபே வாங்கின் கச்சேரியைப் பார்த்தபோதுதான் இப்படியொரு பாடகியைப் பற்றிய எண்ணம் இவாய்க்குத் தோன்றியது. பாட்டுகளை அமைத்தவர் தகேஷி கோபயாஷி, 'மிஸ்டர் சில்ரன்' இசைக்குழுவின் தயாரிப்பாளர். 1996இல் இவாயின் வேறொரு படத்துக்காக 'யென் டவுன் பேண்ட்' என்ற கற்பனைக் குழுவை உருவாக்கியவரும் இவரே. லில்லியின் குரல் சால்யு என்ற இளம் பாடகியுடையது. அதுவரை அவரை வெளியில் யாருக்கும் தெரியாது. அதனால் 'இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது' என்ற மர்மம் 2001இல் நிஜமாகவே இருந்தது. சால்யு தன் சொந்தப் பெயரில் 2004இல்தான் வந்தார்.

லில்லியின் ஆல்பம் 'கோக்யூ', அதாவது 'மூச்சு', படம் வந்த அதே மாதம் கடைகளில் கிடைத்தது. ஒன்றிரண்டு பாட்டு மட்டும் கேட்க விரும்பினால் 'கைஃபுகு சுரு கிசு' (ஆறிவரும் காயம்), 'தோபெனை ட்சுபாசா' (பறக்க முடியாத சிறகு), 'கிளைட்' ஆகியவற்றில் தொடங்கலாம். முதல் பாட்டை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கலாம். டரண்டினோவின் 'கில் பில்' முதல் பாகத்தில், வாள்கள் அடுக்கிய மாடி அறைக் காட்சியில் வருவது அதுதான்.

அப்புறம் ஏன் இவ்வளவு டெபுசி?

படத்தில் இரண்டு இசை ஓடுகிறது: காதில் மாட்டிய கருவியிலிருந்து வரும் லில்லி, பியானோவிலிருந்து வரும் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி. பெயரிலேயே முடிச்சு இருக்கிறது. டெபுசியின் முதல் மனைவியை 'லில்லி' என்று அழைப்பார்கள். மகளின் செல்லப்பெயர் 'ஷுஷு'. 1908இல் வந்த 'சில்ரன்ஸ் கார்னர்' அவளுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. டெபுசி இறந்த மறு வருடமே, 13 வயதில், 1919இல் அவளும் இறந்தாள். படத்தின் பிள்ளைகளுக்கும் கிட்டத்தட்ட அந்த வயதுதான்.

படத்தில் பியானோ வாசிக்கும் பெண் யோகோ குனோ. நாம் கேட்கும் வாசிப்பு யுய் மகினோ என்ற பதினைந்து வயதுச் சிறுமியுடையது. பெரிய கலைஞர் ஒருவரை வாசிக்க வைத்திருந்தால் டெபுசியின் 'முதலாம் அராபெஸ்க்' இன்னும் வழவழவென்று வந்திருக்கும். பள்ளி இசை அறையில் ஒரு மாணவி வாசிப்பது போல இருந்திருக்காது.

'ஈதர்' என்று ஓயாமல் சொல்கிறார்களே, அது என்ன?

ஒளி பயணம் செய்ய வெளி முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊடகம் நிரம்பியிருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டு இயற்பியல் நம்பியது. அதன் பெயர் ஈதர். 1887இல் மைக்கெல்சனும் மோர்லியும் செய்த சோதனைக்குப் பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. லில்லியின் ரசிகர்கள் இந்தச் சொல்லை எடுத்து, அவள் இசை வழியாக மனங்களுக்கு இடையே பாயும் ஏதோ ஒன்றுக்குப் பெயராக வைத்துக்கொள்கிறார்கள். இல்லாத ஒன்றின் பெயரைத் தெரிந்தேதான் இவாய் எடுத்திருக்கிறார் என்பது எங்கள் கணிப்பு. பலகையில் அவர்கள் அதைப் பற்றிப் பேசுவது சில சமயம் பக்தர்கள் சண்டை போல இருக்கும். லில்லி பிறந்தது 1980 டிசம்பர் 8, இரவு 10.50, ஜான் லென்னன் சுடப்பட்ட அதே நேரம் என்று கணக்குப் போடுவார்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ரசிகர் மன்றம் எதற்குள்ளாவது இருந்து வந்தவர்களுக்கு அந்தச் சலிப்பும் பழக்கப்பட்டதாக இருக்கும்.

வயல் அவ்வளவு பச்சையாக, வானம் அவ்வளவு வெள்ளையாக ஏன்? பிரதியில் கோளாறா?

கோளாறு இல்லை. ஒளிப்பதிவாளர் நோபோரு ஷினோதா (2004இல் காலமானார்) ஃபிலிமை விட்டுவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த சோனி எச்.டி.டபிள்யூ-எஃப்900 டிஜிட்டல் கேமராவில் எடுத்தார். விநாடிக்கு 24 சட்டகம், 1920×1080 அளவு. 'ஸ்டார் வார்ஸ்' இரண்டாம் அத்தியாயத்தையும் அதே கேமராவில்தான் எடுத்தார்கள். அங்கே ஸ்டுடியோ வெளிச்சம், இங்கே திறந்த வெயில்.

அந்தக் காலத்து டிஜிட்டல் கேமராவுக்கு அதிக வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி ஃபிலிமைவிடக் குறைவு. ஒரு அளவுக்கு மேல் போனால் விவரம் எல்லாம் வெந்து வெள்ளையாகிவிடும், பிறகு மீட்க முடியாது. மற்றவர்கள் இதைத் தவிர்க்கப் படாதபாடு பட்டார்கள். ஷினோதா அதையே பாணியாக்கினார்: வானத்தை வெந்துபோக விட்டு, வெளிச்சத்தைப் பயிருக்கும் முகத்துக்கும் கணக்காக வைத்தார். பச்சைக்கு நடுவே கறுப்புச் சீருடையில் காதில் கருவியோடு நிற்கும் பையனைச் சுற்றி உலகமே அழிந்துபோனது போலத் தெரிவது இதனால்தான்.

ஒகினாவா பகுதி மட்டும் தனி. பையன்களே கையில் வைத்திருக்கும் சாதாரண வீடியோ கேமரா ஆடிக்கொண்டும், மங்கியும், சில இடத்தில் கண் வலிக்கும்படியும் காட்டும். எவ்வளவு நல்ல பிரதியானாலும் அந்தப் பகுதி அப்படித்தான் இருக்கும்.

எந்தத் தரத்தில், எப்படிப் பார்ப்பது நல்லது?

மூலமே 1080 என்பதால் அதைவிடப் பெரிய எண் போட்ட பிரதிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் லாபம் குறைவு. பெரிதாக்கிய படம்தான் கிடைக்கும். நல்ல ப்ளூ-ரே பிரதி போதும்.

தொலைக்காட்சியில் பார்ப்பதென்றால் மூன்று அமைப்பை மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் கையில் பிடித்து எடுத்த காட்சிகள் தொலைக்காட்சித் தொடர் போல ஆகிவிடும். 'விவிட்' என்ற வண்ண அமைப்பிலிருந்து 'சினிமா' அமைப்புக்கு வாருங்கள். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பச்சை, விவிட்டில் பிளாஸ்டிக் ஆகிவிடும். கூர்மையைப் பாதிக்குக் கீழே குறையுங்கள், அல்லது பழைய டிஜிட்டல் இரைச்சல் மணல் போலத் தெரியும். கைபேசியில் பார்க்க வேண்டாம். பலகை எழுத்துகளும் சப்டைட்டிலும் சேர்ந்து படத்துக்கு இடமே இருக்காது.

ஒலி பெரிதும் சிறிதுமாக ஏறி இறங்கும். லில்லியின் பாட்டு திடீரென்று உரக்க வரும், விசைப்பலகைச் சத்தமோ மெல்லியது. காதுக்கருவியில் கேட்டால் இரண்டும் சரியாக விழும். கூட்டமாகத் திரையிடுகிறீர்கள் என்றால் ஒகினாவா பகுதி முடிந்து பள்ளி திறக்கும் இடத்தில் பத்து நிமிட இடைவேளை விடலாம். படமே அங்கே மூச்சை மாற்றுகிறது. அதன் பிறகு எங்கே நிறுத்தினாலும் வெட்டியது போலிருக்கும்.

யார் பார்க்காமல் இருப்பது நல்லது?

பள்ளிக் கொடுமை, கட்டாயப் பாலியல் தொழில், கூட்டு வன்புணர்வு, தற்கொலை, கொலை எல்லாம் இதில் உண்டு, எல்லாம் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு நடப்பவை. வன்முறையின் உச்சங்களைக் கேமரா பெரும்பாலும் நேராகக் காட்டுவதில்லை. சுவருக்கு அப்பால், அழுகைச் சத்தத்தில், மறுநாள் காலையில் காட்டுகிறது. அதனால் தாக்கம் குறைகிறது என்று எண்ண வேண்டாம். சமீபத்தில் இப்படி எதையாவது கடந்து வந்தவர்களும், தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்து போகிறவர்களும் தனியாக இதை இரவில் பார்க்க வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்க நினைத்தால் முதலில் நீங்கள் மட்டும் முழுதாகப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

ஜப்பானியப் பள்ளி முறை பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கொஞ்சம்தான். நடுநிலைப் பள்ளி மூன்று ஆண்டு, ஏறக்குறைய 12 முதல் 15 வயது. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும். கோடை விடுமுறை ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை, ஆண்டின் நடுவில். செப்டம்பரில் அதே வகுப்பறை, அதே இருக்கை. ஆகவே விடுமுறையில் மாறிப்போனவன் அதே முகங்களுக்கு நடுவேதான் திரும்பி வருகிறான். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

படத்தில் திரும்பத் திரும்ப நடப்பவற்றுக்கு ஜப்பானியப் பேச்சில் பெயர்கள் உண்டு. 'இஜிமே' என்பது ஒருவனைக் குறிவைத்துத் தொடர்ந்து வதைப்பது. 'பஷிரி' என்றால் ஏவியதை வாங்கி வந்து கொடுக்கும் எடுபிடி, யூயிச்சி அதுதான். 'ஷிகாதோ' என்றால் ஆளே இல்லாதது போல ஒதுக்குவது, பெண்கள் குனோவுக்குச் செய்வது இது. 'மன்பிகி' கடைத் திருட்டு. 'என்ஜோ கோசாய்' என்பது காசுக்காக வயதில் மூத்த ஆண்களோடு பள்ளிப் பெண்கள் போவது. 1990களில் பத்திரிகைகள் இந்தச் சொல்லை நாளும் எழுதின. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் காசு கொடுத்து அழைப்பவரைத் தண்டிக்கும் நாடு தழுவிய சட்டம் 1999இல்தான் வந்தது. படத்தில் இப்படி அனுப்பப்படும் மாணவியின் கதை அந்தச் சட்டத்துக்குப் பிறகானது. அது அந்தப் பெண்ணுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

*இனி வரும் கேள்விகளில் முடிவு வரை எல்லாம் பேசப்படுகிறது.*

ஹோஷினோ ஏன் அப்படி மாறினான்? படம் விளக்கவே இல்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். விளக்கவில்லை என்பது சரியல்ல. ஒன்றுக்கு நாலாக விளக்கங்களை அடுக்கி, எதையும் 'இதுதான்' என்று கை காட்டாமல் விடுகிறது.

முதலாவது, அவன் பள்ளிக்குள் வரும்போதே காயத்தோடுதான் வருகிறான். முதல் மாணவன் என்ற பட்டம் நட்பைத் தரவில்லை, பொறாமையைத் தந்தது. இரண்டாவது, ஒகினாவா. திருட்டுப் பணத்தில் போன பயணம் அது. அங்கே அவன் இரண்டு முறை சாவைத் தொட்டுத் திரும்புகிறான்: நீரிலிருந்து பாயும் ஊசிமூக்கு மீன் ஒருமுறை, கடலில் மூழ்குவது ஒருமுறை. தகாவோ என்ற பயணி ஒருவர் வாகனம் மோதிக் கிடப்பதையும் பார்க்கிறார்கள். அதன்பின் மிச்சமிருந்த பணத்தை ஹோஷினோ கடலில் வீசுகிறான். மற்ற பையன்களுக்கு அது கிறுக்குத்தனம். அவனுக்கோ, எதற்கும் விலை இல்லை என்று புரிந்துபோன கணம். மூன்றாவது, வீடு. குடும்பத் தொழில் நொடித்து, வீடு கைவிட்டுப் போகிறது. யூயிச்சி ஒருமுறை தங்கிப் பொறாமையோடு பார்த்த அதே வீடு. நாலாவது, அவனுக்கும் லில்லி உண்டு.

செப்டம்பரில் அவன் முதலில் அடிப்பது வகுப்பின் பழைய ரௌடி இனுபுஷியை. அன்று வகுப்பில் எத்தனை பேர் உள்ளுக்குள் மகிழ்ந்திருப்பார்கள் என்று யோசித்தால் அடுத்து நடப்பது விளங்கும். பழைய அரசன் விழுந்தான், அவ்வளவுதான். நாற்காலி அப்படியே இருக்கிறது. ஒகினாவாவைச் 'சுற்றுலாக் காட்சி' என்று ஓட்டிவிட்டுப் பார்ப்பவர்களுக்குத்தான் ஹோஷினோ காரணமில்லாத அரக்கனாகத் தெரிகிறான். அந்தப் பகுதி நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனாலும் ஓட்ட வேண்டாம்.

ஏன் யாரும் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ சொல்வதில்லை?

சொன்னால் என்ன ஆகும் என்பதைப் படம் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது. குறுந்தகடு திருடிப் பிடிபட்ட யூயிச்சியை மீட்க ஆசிரியர் வருகிறார், அம்மா வருகிறார், மன்னிப்புக் கேட்கிறார்கள், விஷயம் முடிகிறது. 'யாருக்காகத் திருடினாய்' என்று ஒருவரும் துருவுவதில்லை. அந்த மாலையே கூட்டத்திடமிருந்து தண்டனை கிடைக்கிறது. பெரியவர்கள் கெட்டவர்கள் அல்ல, கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாதவர்கள். ஜப்பானில் பள்ளிகள் கொடுமையைக் கண்டறிந்து பதிவு செய்து நடவடிக்கை எடுக்கக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் 2013இல்தான் வந்தது.

பாட்டுப் போட்டிக் காட்சிக்கு ஏன் இவ்வளவு நேரம்?

வகுப்புகளுக்கு இடையே குழுப்பாடல் போட்டி நடத்துவது ஜப்பானியப் பள்ளிகளில் வழக்கம். நடத்துநர் ஒருவர், பியானோ ஒருவர். பியானோவில் உட்காருவது கௌரவம். குனோ நன்றாக வாசிப்பாள். அதனாலேயே கன்சாகி என்ற மாணவியின் கூட்டம் அவள் வாசித்தால் பாடமாட்டோம் என்கிறது. வழி என்ன? பியானோவே இல்லாமல், குரல்களை மட்டும் வைத்துப் பாட்டைப் பிரித்து எழுதிக் கொடுக்கிறாள் குனோ. தன்னை நீக்கிவிட்டுத் தன் இசையை மட்டும் உள்ளே வைக்கிறாள். கொடுமைக்குப் பதிலாக ஒருவர் தன் திறமையை வைப்பது படத்தில் இங்கு மட்டும்தான். அதற்கான தண்டனையும் கொடூரமாக வருகிறது.

அவர்கள் பாடுவது 'ட்சுபாசா வோ குதசாய்', 'எனக்குச் சிறகு கொடு' என்பது பொருள். மிச்சியோ யமகாமி எழுதி, குனிஹிகோ முராய் இசையமைத்து 1971இல் வந்த பாட்டு; பள்ளிப் புத்தகத்திலும் உண்டு, ஜப்பானில் அதைப் பாடாமல் வளர்ந்தவர் அரிது. லில்லியின் 'பறக்க முடியாத சிறகு' இதற்கான மறுமொழி போல ஒலிக்கிறது. ட்சுடா என்ற மாணவி பட்டம் விடுபவர்களோடு சேரும் காட்சி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

ஷியோரி ட்சுடாவுக்கு ஏன் அந்த முடிவு? குனோ மட்டும் எப்படித் தாங்கினாள்?

ஹோஷினோவின் மிரட்டலில் ஆண்களிடம் அனுப்பப்படுபவள் ட்சுடா. அவளைக் கண்காணிக்கும் வேலை யூயிச்சிக்கு. அவனும் அடிமை என்று தெரிந்ததால் அவள் அவனிடம் கோபப்படுகிறாள், சிரிக்கிறாள், லில்லியையும் அவன் மூலம் கேட்கிறாள். ட்சுடாவாக நடித்த யூ ஆயோயின் முதல் படம் இது. படத்தில் உயிரோடு இருக்கும் ஒரே ஆள் அவள்தான் என்று தோன்றும்படி நடித்திருக்கிறார். வயல்வெளியில் பட்டம் விடுபவர்களோடு சேர்ந்து மகிழும் காட்சிக்குச் சற்று பின்னாலேயே அவள் இறந்துவிடுகிறாள். மகிழ்ச்சியாகத் தெரிந்த நாளுக்குப் பக்கத்தில் அது நடப்பதைப் பலர் 'திடீர்' என்கிறார்கள். அவள் பல காட்சிகளுக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். கேட்டவன் யூயிச்சி ஒருவன். அவன் வாய் திறக்காதவன்.

கூட்டு வன்புணர்வுக்கு ஆளான குனோ, அதன்பின் தலையை மழித்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறாள். கொடுமை செய்தவர்கள் அவளிடம் எதிர்பார்த்தது மறைந்து ஒடுங்குவதை. அவள் எல்லார் கண்ணுக்கும் நேராக வந்து உட்காருகிறாள். ஒருத்தி பலமானவள், மற்றவள் பலவீனமானவள் என்று படம் ஒப்பிடவில்லை; ஒருத்திக்குப் பியானோ இருந்தது, அவ்வளவே.

நீலப் பூனை ஹோஷினோதான் என்றால், ஃபிலியா யூயிச்சி என்பது அவனுக்குத் தெரியுமா?

2000 டிசம்பர் 8, டோக்கியோ யோயோகி அரங்கில் லில்லியின் கச்சேரி. பலகையில் பேசிக்கொண்டபடி நீலப் பூனை கையில் பச்சை ஆப்பிள் வைத்திருப்பான். யூயிச்சி வாசலில் பார்ப்பது ஆப்பிளோடு நிற்கும் ஹோஷினோவை. ஹோஷினோ அவனிடம் ஆப்பிளைக் கொடுத்து, குளிர்பானம் வாங்கிவர அனுப்புகிறான். அவனுடைய நுழைவுச்சீட்டையும் கசக்கி எறிகிறான். யூயிச்சி கச்சேரி முழுக்க வெளியே நிற்கிறான். முடிந்து கூட்டம் வெளியேறும்போது 'லில்லி அங்கே இருக்கிறாள்' என்று கத்துகிறான். நெரிசலில் ஹோஷினோவைக் குத்துகிறான்.

தெரியுமா, தெரியாதா என்று படம் சொல்லவில்லை. தெரியாது என்பதே பொருத்தம் என்று நாங்கள் நினைக்கிறோம். தெரிந்திருந்தால் அது ஒரு பழிவாங்கல் கதையாகச் சுருங்கிவிடும். தெரியாதபோது நடப்பது வேறு: இரவுகளில் ஃபிலியாவுக்கு ஆறுதல் எழுதியவனும், பகலில் யூயிச்சியை வதைத்தவனும் ஒரே ஆள்; அவன் எழுதியது பொய்யில்லை. ஹோஷினோவும் வயலின் நடுவே காதுக்கருவியோடு நின்று கதறும் காட்சி ஒன்று உண்டு. இரண்டாம் முறை பார்க்கும்போது நீலப் பூனையின் பதிவுகளை மட்டும் தொடர்ந்து படியுங்கள். உதவி கேட்டவர்களில் அவனும் ஒருவன். அவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன் யூயிச்சி.

யூயிச்சிக்குத் தண்டனை கிடைக்கவில்லையா?

படத்துக்குள் கிடைக்கவில்லை. படிப்பில் பின்தங்குவது பற்றி ஆசிரியர் பேசுகிறார், வாழ்க்கை ஓடுகிறது, இசை அறையிலிருந்து குனோவின் பியானோ கேட்கிறது. இறுதி எழுத்துகளோடு 'கிளைட்' வருகிறது.

கொலை நடக்கும் தேதி தற்செயலாக இருக்கலாம், ஆனால் கவனிக்கத்தக்கது. 1997இல் கோபே நகரில் 14 வயதுச் சிறுவன் செய்த கொலைகளும், 2000 மே மாதம் 17 வயதுப் பையன் பேருந்தைக் கடத்தி ஒருவரைக் கொன்றதும் நாட்டையே உலுக்கின. பேருந்தைக் கடத்தியவன் முன்னதாக ஓர் இணையப் பலகையில் எழுதியிருந்தான். 'பதினான்கு வயது', 'பதினேழு வயது' என்பவை தலைப்புச் செய்திகளாகவே ஆயின. குற்ற வழக்கு விசாரணைக்கு அனுப்பக்கூடிய வயதை 16இலிருந்து 14ஆகக் குறைக்கும் சிறார் சட்டத் திருத்தம் 2000 நவம்பர் 28 அன்று நிறைவேறி, 2001 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. படத்தின் கொலை இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில் விழுகிறது.

படத்தில் குறையே இல்லையா?

உண்டு. இரண்டு பெண்களுக்கு நடப்பது இரண்டு பையன்களின் கதையை நகர்த்தும் படிக்கட்டாகப் பல இடங்களில் ஆகிவிடுகிறது. ட்சுடாவின் வீடு எப்படி, குனோவின் வீடு எப்படி என்று நமக்குத் தெரியவே வராது. இவ்வளவு கொடுமையை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்ற கேள்வியும் நியாயமானது. பச்சை வயலும் டெபுசியும் வலியை மெழுகுகின்றன என்று சொல்பவர்களோடு எங்களுக்குப் பாதி உடன்பாடு. மறுபாதிக்கு: அந்த அழகு இல்லையென்றால் யூயிச்சி அங்கே எதைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று புரியாது.

படம் எடுத்த இடங்களைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். வயல்களும் ஊரும் பெரும்பாலும் டோச்சிகி மாகாணத்தின் அஷிகாகா, பக்கத்து குன்மா மாகாணத்தின் ஓதா பகுதிகளில் எடுக்கப்பட்டவை. டோக்கியோ அசாகுசா நிலையத்திலிருந்து தோபு நிறுவனத்தின் 'ரியோமோ' விரைவு ரயிலில் அஷிகாகாஷி நிலையம் ஒன்றேகால் மணி நேரம் போல.

போகும் மாதம் முக்கியம். அந்தப் பகுதியில் நாற்று நடுவது மே கடைசி, ஜூன். படத்தில் பார்த்த இடுப்புயரப் பச்சை வேண்டுமென்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. மே மாதம் போனால் பல வயல்களில் பார்லி பழுத்துப் பொன்னிறமாக இருக்கும். டோச்சிகி பார்லிக்குப் பேர்போனது. அக்டோபரில் போனால் வெறும் அடிக்கட்டைதான். ஜூலை வெயில் 35 டிகிரியைத் தாண்டும், வயலோரத்தில் நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டு போங்கள். வரப்பில் இறங்காதீர்கள். அவை தனியார் வயல்கள். புகைப்படத்துக்காகப் பயிருக்குள் நுழைந்து நிற்பவர்களால் நாற்று சாய்ந்து, தண்ணீர் மடை உடையும். சாலையோரம் நின்றாலே படத்தில் பார்த்த மின்கோபுர வரிசை தெரியும். காதுக்கருவியை எடுத்துப்போக மறக்காதீர்கள்.